பஞ்சுத் தூசியும் பயன்பாட்டுச் சான்றிதழும்

ஆராய்ச்சிக்குக் கொடுக்கும் பணம் வேறு, ஆராய்ச்சி செய்யும் ஆளைத் தயார் செய்யக் கொடுக்கும் பணம் வேறு. முதலாவதில் ஒருவர் பாதியில் விலகினால் இன்னொருவரைப் போட்டு வேலையை முடித்துவிடலாம். இரண்டாவதில் ஆள் போனால் மானியமே போன மாதிரிதான். இந்த வித்தியாசம் எல்லோருக்கும் தெரியும், படிவங்களுக்கு மட்டும் தெரியாது. இரண்டுக்கும் ஒரே கணக்குத் தலைப்புகள், பணத்தைச் சொன்ன காரியத்துக்கே செலவழித்தோம் என்று எழுதிக் கொடுக்கும் ஒரே பயன்பாட்டுச் சான்றிதழ், ஒரே மார்ச் 31.

கோவையில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் மருத்துவக் கல்லூரியின் ஆராய்ச்சி அலுவலகத்தில் பயிற்சி மானியங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. சுற்றுச்சூழல் நலவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய மூன்று பேரைத் தயார் செய்வதற்காக 2022-ல் மத்திய நிதி நிறுவனம் ஒன்றிலிருந்து மூன்று வருட மானியம் வந்தது. மூவரில் ஒருவரை மையமாக வைத்து, பணம் எப்படி வந்தது, எங்கே நின்றது, அதனால் ஆட்களுக்கு என்ன ஆனது என்று இங்கே எழுதுகிறேன். கல்லூரி, நிதி நிறுவனம், மில், ஆட்கள் யாருடைய பெயரும் இதில் இராது.

இந்த நாற்காலி

அமெரிக்காவில் இது ஒரு தனி உத்தியோகம். சுற்றுச்சூழல் நலவியலுக்கென்றே அங்கே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது. 1966-ல் ஒரு பிரிவாகத் தொடங்கி, 1969-ல் தேசிய நலவாழ்வு நிறுவனங்களுக்குள் தனி நிறுவனமானது. இருப்பது வட கரோலினாவில், ரிசர்ச் டிரையாங்கிள் பார்க்கில். ஆய்வகத்தில் பல வருடம் உழைத்த விஞ்ஞானிகள் சிலர் ஒரு கட்டத்தில் பிப்பெட்டைக் கீழே வைத்துவிட்டு இங்கே திட்ட அலுவலர்களாகச் சேர்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பயிற்சி இடம், அங்கே யாரை எடுத்தார்கள், எடுத்தவர்கள் எப்படி வளர்கிறார்கள் என்று கவனிப்பது இவர்கள் பொறுப்பு. பணக் கணக்கைப் பார்க்க மானிய மேலாண்மை அலுவலர் என்று வேறொருவர் இருப்பார். ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை.

1974-ல் வந்த சட்டத்தின் கீழ் நடக்கும் அந்தப் பயிற்சி மானியங்களில் டி32 என்று ஒரு வகை உண்டு. பல்கலைக்கழகத்துக்குப் பணம் போகும், அவர்கள் ஆட்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். அதில் நிறுவனத்தின் மேல்செலவுக்கு 8 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. முனைவர் பட்டம் முடித்துப் பயிற்சிக்கு வருபவர் முதல் வருடம் வாங்கிய உதவித்தொகைக்குக் கடன்பட்டவர். அதே அளவு காலம் ஆராய்ச்சியோ கற்பித்தலோ செய்து கழிக்க வேண்டும், இரண்டாம் வருடமும் பயிற்சியில் தொடர்ந்தால் அதுவே கழிவாகிவிடும். இதையெல்லாம் விட எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. மானியத்தைப் புதுப்பிக்கக் கேட்கும்போது, கடந்த 15 வருடங்களில் பயிற்சி பெற்றவர்கள் இப்போது எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள் என்று அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும்.

நானும் பயோகெமிஸ்ட்ரியில் முனைவர் பட்டம் வாங்கி, சில வருடம் ஆய்வகத்தில் இருந்துவிட்டு வந்தவள்தான். இங்கே திட்ட அலுவலர், மானிய மேலாளர், ஆடிட்டருக்குப் பதில் சொல்பவர், மாணவியின் அப்பா போன் செய்தால் எடுப்பவர் எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாற்காலி.

ஏன் பஞ்சு

கொங்கு நாட்டில் சுற்றுச்சூழல் என்றாலே நொய்யல்தான். வெள்ளியங்கிரி மலையில் புறப்பட்டுக் காவிரியில் சேரும் ஆறு, திருப்பூரைத் தாண்டும்போது சாயக்கழிவைச் சுமந்தது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிப்போனது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீர் துளியும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம் என்றானது. இந்தக் கதை தெரியாத விண்ணப்பதாரர் இந்தப் பக்கம் இல்லை. எங்களுக்கு வந்த விண்ணப்பங்களில் பெரும்பாலானவை நொய்யல், நீரில் கரைந்த உப்பு, கன உலோகம் என்றே இருந்தன. தேர்வுக் குழுவில் இருந்த மூத்த பேராசிரியர் ஒருவர், "அளந்து அளந்தே ஆறு வத்திரும் போல இருக்குதுங்க" என்றார்.

சோமனூரிலிருந்து வந்த மாணவி மட்டும் பஞ்சைப் பற்றி எழுதியிருந்தார். அப்பா கூலிக்கு விசைத்தறி ஓட்டுபவர். அம்மா கல்யாணத்துக்கு முன்பு நூற்பாலையில் வேலை செய்தவர், இன்றும் மழைக்காலத்தில் இழுத்து இழுத்து இருமுகிறவர். கோவையின் முதல் நூற்பாலை 1888-ல் வந்தது. இத்தனை காலமாகப் பஞ்சு பறக்கும் ஊரில் அந்தப் பஞ்சு நுரையீரலை என்ன செய்கிறது என்று கேட்க ஓர் ஆள் வந்ததே பெரிது என்று எனக்குத் தோன்றியது.

பிசினோசிஸ் என்பது பஞ்சு, சணல் போன்ற நார்களின் தூசியை நெடுநாள் சுவாசிப்பவர்களுக்கு வரும் நோய். ஆரம்பத்தில் வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாள் மட்டும் நெஞ்சை இறுக்கும், மறுநாள் சரியாகிவிடும். வருடங்கள் போகப் போக வாரம் முழுக்க இறுக்கும். அப்புறம் வேலையை விட்டாலும் போகாது. லங்காஷயர் ஆலைகளில் ஆய்வு செய்த ரிச்சர்ட் ஷில்லிங், இந்த முதல் நாள் இறுக்கத்தை வைத்தே 1950களில் நோயைப் படி படியாகப் பிரித்தார். அமெரிக்கா 1978-ல், நூல் தயாரிக்கும் பகுதிகளில் ஒரு கன மீட்டர் காற்றில் 200 மைக்ரோகிராமுக்கு மேல் பஞ்சுத் தூசி இருக்கக்கூடாது என்று வரம்பு வைத்தது. ஆலை முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். 1981-ல் உச்ச நீதிமன்றம் வரம்பு சரிதான் என்றது. நம் 1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையிலும் இந்த நோய் இருந்தது. கண்டுபிடிக்கும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அட்டவணையில் அப்படி, மருந்துச் சீட்டில் 'டஸ்ட் அலர்ஜி'.

வாய்க்கால்

மானியப் பணம் கீழ்பவானி வாய்க்கால் மாதிரி. அணையில் திறந்துவிட்ட தேதி ஒன்று, கடைமடைக்குத் தண்ணீர் வரும் தேதி வேறு. உத்தரவு வரும், முதல் தவணை வரும். அதற்குப் பிறகு ஒவ்வொரு தவணைக்கும் முந்தைய தவணையின் செலவுக் கணக்கும், அரசின் பொது நிதி விதிகள் (ஜி.எஃப்.ஆர்.) சொல்லும் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் போக வேண்டும். வங்கியில் கிடந்த பணத்துக்கு வந்த வட்டியை பாரத்கோஷ் என்ற அரசு இணையதளம் வழியாக அரசுக்குத் திருப்பிக் கட்டியிருக்க வேண்டும். கையில் நிறைய மீதி காட்டினால் அடுத்த தவணை நிற்கும். அரசுப் பணம் வங்கியில் சும்மா தூங்கக்கூடாது என்பது நியாயமான விதிதான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை தலைப்புகளில்தான். உதவித்தொகை, கருவி, நுகர்பொருள், பயணம், சில்லறைச் செலவு என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்றில் மீதியிருந்தாலும், அனுமதி வாங்காமல் இன்னொன்றுக்கு நகர்த்த முடியாது. எங்கள் மானியத்தில் உதவித்தொகை, அன்றைய விகிதப்படி ஆளுக்கு மாதம் 31,000 ரூபாய் என்று போடப்பட்டிருந்தது. 2023 ஜூனில் மத்திய அரசு இளநிலை ஆய்வாளர் உதவித்தொகையை 37,000 ஆக்கியது. அந்த வருடம் ஜனவரி 1 முதலே அமல். மாணவர்கள் கொண்டாடினார்கள். நான் கால்குலேட்டரை எடுத்தேன். ஆளுக்கு மாதம் 6,000, மூன்று பேருக்கு வருடம் 2,16,000. உயர்வு உத்தரவு வந்துவிட்டது, அந்த வித்தியாசத்துக்கான பணம் எங்கள் மானியத்தில் சேரவில்லை. உதவித்தொகைத் தலைப்பு முன்கூட்டியே வற்றும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. அன்று எழுதிய கடிதத்துக்கு, பரிசீலனையில் இருக்கிறது என்ற பதில் வந்தது.

கருவித் தலைப்போ நிரம்பி வழிந்தது. அமெரிக்க வரம்போடு ஒப்பிட வேண்டுமென்றால் அவர்கள் சொல்லும் கருவியிலேயே அளக்க வேண்டும். ஆளுயரத்துக்கு நிற்கும் செங்குத்துக் குழாய் அது. நிமிடத்துக்கு 7.4 லிட்டர் காற்றை இழுத்து, பெரிய பஞ்சுத் துணுக்கைக் கீழேயே விட்டுவிட்டு நுண் தூசியை மட்டும் வடிதாளுக்கு அனுப்பும். விலைப்புள்ளி கேட்டால் உள்ளூர் ஏஜென்சிகள் கையை விரித்தார்கள். வெளியிலிருந்து வரவழைக்கலாம் என்றால், 200 கோடி ரூபாய்க்குக் குறைந்த கொள்முதலுக்கு உலகளாவிய டெண்டர் கூடாது என்று 2020 மே மாதம் வந்த உத்தரவு குறுக்கே நின்றது. விலக்குக் கேட்டு ஒரு கோப்பு தனியாகப் பயணம் போனது.

மில்லுக்குள்

கருவிக்குக் காத்திருந்தால் வருடம் போய்விடும் என்று, காற்றை இழுத்துத் தூசி பிடிக்க இடுப்பில் மாட்டும் சிறு பம்ப்புகளோடும், மூச்சை எவ்வளவு வேகமாக ஊத முடிகிறது என்று காட்டும் ஊதுகுழல் மீட்டரோடும் மாணவி வேலையைத் தொடங்கினார். பல்லடம் பக்கம் ஒரு நடுத்தர நூற்பாலை ஒப்புக்கொண்டது. உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பணியாளர் மேலாளர் நேராகவே கேட்டார்: "ஆராய்ச்சியெல்லாம் சரிங்க. நாளைக்கு ஈ.எஸ்.ஐ.ல கேஸ்னு போனா நீங்களா வந்து நிப்பீங்க?"

மாணவி பதறவில்லை. "கேஸ் வர்ற அளவுக்குத் தூசி இருந்தா மொதல்ல உங்களுக்குத்தானுங்க தெரியணும்" என்றார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மூன்று வருடப் பயிற்சியில் நாங்கள் சொல்லிக்கொடுக்க நினைத்ததில் பாதியை அவர் கையோடு கொண்டுவந்திருக்கிறார் என்று புரிந்தது. கடைசியில் ஒப்பந்தம் இப்படி ஆனது: எந்தப் பகுதியில் எவ்வளவு தூசி என்பது மில்லுக்குக் கிடைக்கும், யாருடைய நுரையீரல் எப்படி என்பது அந்தத் தொழிலாளிக்கு மட்டும். எங்கள் நெறிமுறைக் குழு இந்த இரண்டாவது வரியில் விடாப்பிடியாக இருந்தது. சரியான பிடி அது.

அப்புறம்தான் புத்தகத்தில் இல்லாத சிக்கல்கள் வந்தன. நோயின் அடையாளம் விடுப்புக்குப் பின் வரும் முதல் வேலை நாள். ஆங்கிலப் புத்தகங்களில் அது திங்கட்கிழமை. நம் மில்லில் ஞாயிறும் ஓடும், வார விடுப்பு ஆளுக்கு ஒரு நாளாகச் சுற்றிவரும். ஒருவருக்குத் திங்கள் என்பது புதன், இன்னொருவருக்கு வெள்ளி. மாணவி டைம் ஆபீஸில் உட்கார்ந்து, பஞ்சைப் பிரிக்கும் புளோரூம், சிக்கெடுக்கும் கார்டிங் தொடங்கி டிராயிங், சிம்ப்ளெக்ஸ், நூல் நூற்கும் ஸ்பின்னிங் வரை பகுதிவாரியாக ஒவ்வொருவரின் விடுப்பு நாளையும் எடுத்து, யாரை எந்த நாள் எந்த ஷிப்டில் பிடிப்பது என்று ஒரு நோட்டுப் போட்டார். அந்த நோட்டை நான் மதிப்பீட்டுக் குழுவுக்கும் காட்டினேன். கட்டுரைகளின் எண்ணிக்கையைக் கேட்க வந்தவர்கள் பத்து நிமிடம் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஷிப்ட் தொடங்கும் முன் ஒரு தடவை, முடிந்ததும் ஒரு தடவை ஊத வேண்டும். ஒவ்வொரு தடவையும் மூன்று ஊதல், அதில் பெரியதை எழுத வேண்டும். கார்டிங்கிலிருந்து வெளியே வருகிறவர்களின் புருவத்திலும் கைமயிரிலும் பஞ்சு வெள்ளையாகப் படிந்திருக்கும். முதல் வாரம் வட மாநிலத் தொழிலாளிகள் பலர் குழலைக் கண்டதும் நழுவினார்கள். ஏன் என்று சூப்பர்வைசர் ஒருவர்தான் விளக்கினார். குடித்திருக்கிறார்களா என்று மில் சோதிப்பதாக நினைத்துவிட்டார்களாம். போலீஸ் ஊதச் சொல்வதைப் பார்த்தவர்களுக்கு வேறென்ன தோன்றும்? ஒப்புதல் படிவத்தை ஒடியாவிலும் இந்தியிலும் மொழிபெயர்த்து, முதல் வரியாக 'இது மது சோதனை இல்லை' என்று போட்டோம். மொழிபெயர்ப்புக் கூலி சில்லறைச் செலவுத் தலைப்பிலிருந்து போனது. அந்தத் தலைப்பை இவ்வளவு உருப்படியாக நான் வேறெங்கும் செலவழித்ததில்லை.

இரவு 10 மணி ஷிப்டுக்குப் போய்வரக் கார் வைத்தோம். தணிக்கையில் கேள்வி வந்தது: பேருந்து வசதி இருக்கையில் வாடகைக் கார் எதற்கு? ஷிப்ட் நேர அட்டவணையையும், கடைசிப் பேருந்து புறப்படும் நேரத்தையும், ஆய்வாளர் பெண், தனியாகச் செல்பவர் என்ற ஒரு வரியையும் சேர்த்து அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். பயிற்சி மானியம் பார்க்கிறவர் செய்யும் வேலையில் பெரும்பகுதி இதுதான். விதியை மீற வேண்டியதில்லை, விதி எழுதியவர் மனதில் இல்லாத ஒரு சூழ்நிலையை வவுச்சரின் பின்னால் குத்தி அனுப்ப வேண்டும்.

பணம் நின்ற இடம்

இரண்டாம் வருட முடிவில் எதிர்பார்த்தது நடந்தது. உதவித்தொகைத் தலைப்பு காலி. கருவித் தலைப்பில் பணம் அப்படியே கிடந்தது. அது கிடந்ததால் மொத்தக் கணக்கில் பெரிய மீதி தெரிந்தது, மீதி தெரிந்ததால் அடுத்த தவணை நின்றது. பணம் இருப்பதாலேயே பணம் வரவில்லை. தலைப்பு மாற்ற அனுமதி கேட்ட கோப்பு ஒரு பக்கம், உதவித்தொகை உயர்வின் பாக்கி கேட்ட கோப்பு இன்னொரு பக்கம்.

மூவரில் ஒருவர் அதற்குள் கிளம்பிவிட்டார். நொய்யல் கரை மண்ணில் நன்றாக வேலை செய்துகொண்டிருந்த பையன். "தம்பிக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணுங்க மேடம், வீட்ல நான்தான்" என்றார். பெங்களூரில் ஒரு மருந்து ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு உதவித்தொகை என்பது ஊக்கத்தொகை இல்லை, சம்பளம். வீடு அதை நம்பித்தான் அவரை ஆராய்ச்சிக்கு விட்டுவைத்திருக்கிறது.

சோமனூர் மாணவியின் அப்பா ஒரு நாள் போன் செய்தார். சோமனூர்ப் பக்கம் கூலி உயர்வு கேட்டுத் தறிகளை நிறுத்தியிருந்த சமயம். "ஏனுங்க மேடம், புள்ளைக்குச் சம்பளம் எப்பங்க வரும்? வர்றதுதானுங்களே, வராமப் போயிராதுங்களே?" கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். வரும் என்று சொன்னேன். எப்போது என்று சொல்லவில்லை.

கல்லூரிக்கு ஒவ்வொரு திட்டத்திலிருந்தும் மேல்செலவு என்று ஒரு பங்கு வரும். கட்டடம், மின்சாரம், நிர்வாகம் என்ற பெயரில் அது பொதுக் கணக்கில் கலந்துவிடும். அதிலிருந்து மீதி இருவருக்கும் சேர்த்து மாதம் 74,000 ரூபாய் முன்பணம் கொடுங்கள், தவணை வந்ததும் பிடித்துக்கொள்ளுங்கள் என்று குறிப்பு வைத்தேன். நிதி அலுவலர் ஒப்பவில்லை. "வராத பணத்துக்கு முன்பணம் எப்படீங்க கொடுக்கறது? ஆடிட்டுல என்னைக் கேப்பாங்க" என்றார். அவர் பயமும் நிஜம். உத்தரவுக் கடிதத்தில் மூன்று வருடத்துக்கு ஒப்புதல் கொடுத்த மொத்தத் தொகையைக் காட்டி, இது வராத பணம் இல்லை, ஒப்புக்கொள்ளப்பட்டு வழியில் நிற்கும் பணம் என்று எழுதினேன். டீன் அறக்கட்டளைக் கூட்டத்தில் வைத்தார். மீளப்பெறும் முன்பணம் என்று தீர்மானமாகி, அந்த மாதமே இருவர் கணக்கிலும் ஏறியது. பாதிப் பழைய பாக்கியோடு.

தலைப்பு மாற்ற அனுமதி பின்னால் வந்தது, கேட்டதில் ஒரு பகுதிக்கு. தவணையும் வந்தது, கல்லூரி தன் பணத்தைப் பிடித்துக்கொண்டது. செங்குத்துக் குழாய் கடைசிவரை வரவில்லை. அதற்கான மீதியை வட்டியோடு அரசுக்குத் திருப்பிக் கட்டினோம். இறுதிப் பயன்பாட்டுச் சான்றிதழ் ஒரு கேள்வி கூட இல்லாமல் ஏற்கப்பட்டது. கணக்குப்படி இது குறையே இல்லாத மானியம். மூன்று பேரில் ஒருவர் பாதியில் போனது அந்தப் படிவத்தில் எங்குமே தெரியாது. அவர் வாங்காத உதவித்தொகை 'சேமிப்பு' என்று அழகாக உட்கார்ந்திருக்கிறது.

யார் எங்கே

மாணவி ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டார். கருவி வேறு என்பதால் தன் அளவுகளை 200 மைக்ரோகிராம் வரம்போடு நேரடியாக ஒப்பிட முடியாது என்று தெளிவாக எழுதியிருக்கிறார். பலமான பகுதி, பகுதிவாரியாக ஷிப்டுக்கு முன்னும் பின்னும் உள்ள ஊதல் வித்தியாசம்தான். ஒவ்வொருவரின் சொந்தத் திங்கட்கிழமையைக் கண்டுபிடித்ததால் கிடைத்தது அது. மூவரில் மற்றொருவர் இப்போது ஈரோடு பக்கம் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர்.

சோமனூர்க்காரர் கல்லூரி வேலைக்குப் போகவில்லை. ஒரு மில் குழுமத்தில் தொழிலாளர் நலம், பாதுகாப்பு பார்க்கும் அதிகாரியாகச் சேர்ந்துவிட்டார். "ஆராய்ச்சியை விட்டுட்டாங்களே" என்று தேர்வுக் குழுவின் அதே பேராசிரியர் வருத்தப்பட்டார். நான் அப்படிப் பார்க்கவில்லை. அவர் போய்ச் செய்த முதல் காரியம், மெஷினில் படிந்த பஞ்சை ஏர் அடித்துச் சுத்தம் செய்வதை நிறுத்தி, உறிஞ்சும் கருவிக்கு மாற்றியது. ஏர் அடித்தால் தரையில் கிடக்கும் தூசி எல்லோர் மூக்குக்கும் ஏறும். இது எந்த ஆய்விதழிலும் வராது, ஆனால் கார்டிங் பகுதியில் நிற்பவருக்கு என் மானியம் கொடுத்த பலன் இதுதான்.

இறுதி அறிக்கைப் படிவத்தில் வெளியான கட்டுரைகள், காப்புரிமைகள், முனைவர் பட்டங்கள் என்று கட்டங்கள் இருந்தன. பயிற்சி பெற்றவர் இப்போது எங்கே என்ற கட்டம் இல்லை. 'வேறு தகவல்' என்ற இடத்தில் எழுதினேன். பெங்களூர் போன பையனைப் பற்றியும், ஏன் போனார் என்பதைப் பற்றியும் அதிலேயே எழுதினேன்.

அடுத்த அழைப்புக்கு விண்ணப்பம் தயார் செய்தபோது சிலவற்றை மாற்றினோம். கருவிக்குக் கேட்கும் தொகையைக் குறைத்து, வேறொரு நிறுவனத்தில் உள்ள கருவியை வாடகைக்கு எடுக்கும் செலவாகக் காட்டினோம். உதவித்தொகையை 'அவ்வப்போது அமலில் உள்ள விகிதப்படி' என்று எழுதி, உயர்வு வந்தால் கூடுதல் தொகையை விடுவிக்கும்படி தனிக் குறிப்புச் சேர்த்தோம். கல்லூரியின் முன்பணத் தீர்மானத்தின் நகலை இணைத்தோம், இப்போது அது எல்லாப் பயிற்சி மானியங்களுக்கும் பொருந்தும் நிரந்தரத் தீர்மானம். இதுவரை எங்களிடம் பயிற்சி பெற்ற அனைவரின் இன்றைய வேலையையும் அட்டவணையாக்கிக் கடைசிப் பக்கத்தில் வைத்தோம். அமெரிக்க அட்டவணையின் கட்டங்களை அப்படியே எடுக்காமல், மில், மாசுக் கட்டுப்பாடு, அரசு மருத்துவமனை, கல்லூரி, வேறு துறை என்று நம்மூருக்குத் தோதாகப் பிரித்திருக்கிறேன். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது, நேர்காணல் தேதிக்குக் காத்திருக்கிறோம்.